நாலு தந்தி, நூறு கிலோ: பேஸ் ஆம்பின் கதை

ராஜா பாட்டுல பேஸ் கிட்டாரை மட்டும் தனியாப் பிரிச்சுக் கேட்கிற கூட்டம் நம்ம ஊரில் பெருசு. ஆனால் அந்தச் சத்தம் ஒரு மேடையில் எப்படி உண்டாகிறது, அதைச் சுமந்து வருவது யார் என்று கேட்பவர்கள் குறைவு. பேஸ் கிட்டாருக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. மரக்கட்டையில் இழுத்துக் கட்டின நாலு தந்தி, அவ்வளவுதான். மீட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. அதை ஊருக்குக் கேட்க வைப்பது ஆம்ப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒலிபெருக்கிப் பெட்டி. பேஸ் கிட்டாரின் வரலாற்றில் பாதி, அந்தப் பெட்டியின் வரலாறு.

நான் வார நாட்களில் கோடு எழுதுகிறவன். சில வார இறுதிகளில் நண்பர்கள் குழுவில் பேஸ் வாசிக்கிறவன். என்னிடம் இருப்பது 500 வாட் ஆம்ப் ஒன்று, 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த பெட்டி ஒன்று. இரண்டையும் ஒரே ஆளாக மாடிப்படி ஏற்றிவிடலாம். ஐம்பது வருஷம் முன்னாடி இது நடக்கிற காரியமில்லை. ஏன் நடக்கவில்லை, பிறகு எப்படி நடந்தது, நடந்ததில் எது கையை விட்டுப் போனது? தேடிப் படித்ததைக் கோவையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் இயற்பியல்

சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு 82 தடவை அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி அதில் பாதி, 41 தடவை. "பாதிதானே, இதுல என்ன இருக்கு"ன்னு தோணும். விஷயமே அங்கேதான் இருக்கு.

ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே ஒலியழுத்தம் வேண்டும் என்றால், ஸ்பீக்கரின் கூம்பு நாலு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். போதாக்குறைக்கு நம் காதும் ஒத்துழைக்காது. 1933-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள்: நடுத்தர ஒலிகளுக்குக் கூர்மையாக இருக்கும் மனிதக் காது, தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமாக இருக்கிறது. ஆக, பாடகர் குரலுக்கு இணையாக பேஸ் கேட்க வேண்டுமானால் பல மடங்கு சக்தி வேண்டும்.

"சரி, பெரிய ஆம்ப் போட்டுக்கலாம்" என்றால் அடுத்த தடை காத்திருக்கிறது. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். கேஎல்எச் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் ஹாஃப்மன். விதி எளிமையானது. பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், தாழ்ந்த ஒலி வர வேண்டும், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் வர வேண்டும் - மூன்றில் இரண்டுதான் கிடைக்கும், மூன்றாவதை விட்டுக் கொடுத்தே ஆகணும். கீழே வரப்போகிற ஒவ்வொரு ஆம்பும் இந்த மூன்றில் எதை விட்டுக் கொடுத்தது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். கதை தானாகப் புரியும்.

முளைக்குள்ளே ஒரு மைக்

1940-களில் அமெரிக்க நடனக் குழுக்களில் பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ்தான். டிரம்பெட், சாக்ஸபோன் கூட்டத்துக்கு நடுவே அது கேட்கவே கேட்காது. எவரெட் ஹல் என்ற பேஸ் கலைஞர் இதற்கு ஒரு வழி கண்டார். டபுள் பேஸ் தரையில் ஊன்றி நிற்கும் கீழ்முளைக்குள் ஒரு மைக்கைச் செருகி, அதை ஆம்ப்போடு இணைத்தார். ஆம்ப்ளிஃபைடு பெக் என்பதைச் சுருக்கி ஆம்பெக் என்று பெயரிட்டார். 1946-ல் ஸ்டான்லி மைக்கேல்ஸ் என்ற கூட்டாளியோடு தொடங்கிய கம்பெனி, சில வருஷங்களில் ஹல்லின் கைக்கே முழுசாக வந்தது.

ஹல்லைப் பற்றி ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஜாஸ் மனிதர். ஒலி துல்லியமாக இருக்க வேண்டும், கரகரப்பு கூடாது என்பதில் பிடிவாதக்காரர். ராக் இசை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. பின்னால் இது வேடிக்கையாகப் போய் முடியும்.

பேஸுக்கு என்று செய்தது, கிட்டாருக்குப் போனது

1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். ஆளுயர வாத்தியம் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருங்கியது. ஆனால் எடை மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. வாத்தியத்தில் இருந்த சுமை ஆம்ப்புக்குள் போய் உட்கார்ந்தது.

அந்தக் கிட்டாருக்கு ஜோடியாக 1952-ல் பேஸ்மேன் என்ற ஆம்ப் வந்தது. ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், சுமார் 26 வாட். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் தாங்கவில்லை. 1950-களின் நடுவில் ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலாக நாலு 10 அங்குல ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தார்கள். சுமையை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிற கணக்கு. நம்ம மொழியில் சொன்னா லோடு பேலன்சிங்.

பேஸுக்காகச் செய்த அந்த ஆம்ப், கிட்டார் வாசிப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. சத்தத்தைக் கூட்டும்போது வரும் கரகரப்பு பேஸுக்குக் குறை, கிட்டாருக்கு நிறை. லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் கலைஞர், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரோடு சேர்ந்து 1962-ல் தன் முதல் ஆம்பைச் செய்தார். அதற்கு முன்மாதிரி பேஸ்மேனின் சுற்றுதான், கிட்டத்தட்ட அச்சு அசல். பிறகு ராக் கிட்டாரின் அடையாளமாகவே மாறிப்போன மார்ஷல் ஆம்பின் பாட்டன் ஒரு பேஸ் ஆம்ப்! பேஸ் கலைஞர் மட்டும் தனக்கான ஆம்ப் இல்லாமல் அப்படியே நின்றார்.

கவிழ்த்து மூடுகிற பெட்டி

அந்த இடத்தில்தான் ஆம்பெக் திரும்ப வருகிறது. ஹல்லிடம் வேலை பார்த்த ஜெஸ் ஆலிவர் 1960-ல் போர்ட்டாஃப்ளெக்ஸ் பி-15 என்ற ஆம்பை வடிவமைத்தார். வால்வுகள் உள்ள மேல்பகுதியை வாசித்து முடித்ததும் தலைகீழாகக் கவிழ்த்து ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடலாம். வால்வு உடையாது, தூக்கிப் போக எளிது. ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், 25 வாட். சின்ன இடத்துக்கு இது சரியான ஆம்ப். இரும்பு விதிப்படி ஆலிவர் விட்டுக் கொடுத்தது சத்தத்தை.

டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கம்பெனியின் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கிளப்களில் பயன்படுத்தியது இந்த பி-15-ஐத்தான். வலது கையின் ஒரே ஒரு விரலால் வாசித்தவர் அவர். அந்த விரலுக்குக் கொக்கி என்றே செல்லப் பெயர். பல வருஷம் எந்த இசைத்தட்டிலும் பெயர் போடாமல் வாசித்தார். 1971-ல் மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் முறையாகப் பெயர் வந்தது.

மோடவுன் ஸ்டுடியோவில் பேஸைப் பெரும்பாலும் ஆம்ப் வழியாகப் பதிவு செய்யவில்லை என்பது இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். கிட்டாரின் ஒயரை ஒரு மின்பெட்டி வழியாக நேராக மிக்ஸருக்கே கொடுத்துவிட்டார்கள். ஆக 1960-களிலேயே ஸ்டுடியோவுக்கு ஆம்ப் அவசியமில்லை. மேடைக்குத்தான் அவசியம். இந்தப் பிளவு பிறகு பெரிதாகும்.

மைதானங்களும் குளிர்சாதனப் பெட்டியும்

1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ். கூட்டம் 55,000-க்கும் மேல். மேடையில் இருந்தவை 100 வாட் வாக்ஸ் ஆம்ப்கள். பாடுகிற குரல், ஆட்ட அறிவிப்புக்காக மைதானத்தில் வைத்திருந்த ஸ்பீக்கர்களில் போனது. அன்றைக்கு மேடை ஒலி அமைப்பு என்றால் குரலுக்கு மட்டும்தான். வாத்தியக்காரர் தன் சத்தத்தைத் தானேதான் கொண்டுவர வேண்டும். கூட்டத்தின் அலறலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை.

இதே காலத்தில் தி ஹூ குழுவின் டவுன்ஷெண்டும் பேஸ் வாசித்த என்ட்விசிலும் மார்ஷலிடம் 'இன்னும் சத்தம், இன்னும் சத்தம்' என்று நச்சரித்ததில் 100 வாட் மார்ஷல் பிறந்தது. ராக் பிடிக்காத ஹல், 1967-ல் ஆம்பெக்கை விற்றுவிட்டார். அடுத்த இரண்டே வருஷத்தில் அதே கம்பெனி ராக் உலகின் மிகப் பெரிய பேஸ் ஆம்பைச் செய்தது. 1969-ல் பில் ஹியூஸ், ரோஜர் காக்ஸ் ஆகியோர் உருவாக்கிய எஸ்விடி. மொத்தம் 14 வால்வுகள், 300 வாட், பெட்டிக்கு எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்.

அந்த வருஷம் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கப் பயணத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸில் ஒத்திகை பார்த்தபோது, பிரிட்டனிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்கள் பழுதாயின. ஆம்பெக்கிடம் உதவி கேட்டார்கள். கடைக்கே வராத எஸ்விடி முன்மாதிரிகள் பயணம் முழுக்கக் கூடவே போயின. பேஸுக்கு மட்டுமில்லை, கிட்டார்களுக்கும் அதுதான்.

இப்போது எடைக்கு வருவோம். இதே வழியில் பின்னாளில் வந்த எஸ்விடி-சிஎல் ஆம்ப் சுமார் 36 கிலோ. எட்டு ஸ்பீக்கர் பெட்டி சுமார் 63 கிலோ. கூட்டினால் நூறு கிலோ! இதற்கு அமெரிக்காவில் குளிர்சாதனப் பெட்டி என்றே பட்டப்பெயர். வால்வு மாற்றுகிற செலவு, தூக்க ஆள், ஏற்ற வண்டி - யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

சரி, இத்தனை பெரிய பெட்டி அந்த 41 அதிர்வை முழுசாகத் தருகிறதா? இல்லை. கம்பெனி தரும் விவரப்படியே அந்தப் பெட்டி 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைவு. ஆனாலும் நமக்கு அந்த ஆழமான சுரம் கேட்கிறது. எப்படின்னா, ஒரு தந்தி அதிரும்போது 41 மட்டும் வராது. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் வரும். மடங்குகளைக் கேட்ட மூளை, அடியில் இருக்க வேண்டிய 41-ஐத் தானே நிரப்பிக்கொள்கிறது. நூறு கிலோ சுமந்தும் மிச்ச வேலையை நம்ம மண்டைதான் செய்யுது!

எல்லை எங்கே என்று பார்த்தவர்கள்

சுமையின் உச்சம் 1974. கிரேட்ஃபுல் டெட் என்ற கலிபோர்னியக் குழு, ஒலிச்சுவர் என்ற பெயரில் ஒரு மேடை ஒலி அமைப்பைக் கட்டியது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஸ்பீக்கர் அடுக்கு, எல்லாம் இசைக்கலைஞர்களின் முதுகுக்குப் பின்னால். ரசிகர் கேட்பதையே வாசிப்பவரும் கேட்க வேண்டும் என்பது நோக்கம். பேஸ் வாசித்த ஃபில் லெஷின் கிட்டாரில் ஒவ்வொரு தந்தியின் ஒலியையும் தனித்தனி ஸ்பீக்கர்களுக்கு அனுப்ப முடிந்தது. மொத்தம் 26,400 வாட், எடை சுமார் 75 டன். கேட்டவர்கள் அதைப் போல ஒன்றைக் கேட்டதில்லை என்றார்கள். ஆனால் கட்டுப்படியாகவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் குழு நீண்ட ஓய்வு எடுத்தது, சுவரும் கலைந்தது.

அதற்குப் பிறகு காற்று எதிர்த்திசையில் அடித்தது. பொது ஒலி அமைப்புகள் பெரிதாகி, பேஸையும் டிரம்ஸையும் அவையே சுமக்கத் தொடங்கின. 1990-களில் காதுக்குள் செருகும் மானிட்டர்களும் வந்துவிட்டன. ரஷ் குழுவின் கெடி லீ மேடையில் பேஸ் ஆம்ப் வைப்பதையே விட்டுவிட்டார். காலியான இடம் அசிங்கமாக இருக்கிறது என்று 2002 பயணத்தில் அங்கே துணி உலர்த்தும் இயந்திரங்களை வரிசையாக வைத்தார். உள்ளே நிஜமாகவே டி-ஷர்ட்கள் சுற்றின. பின்னொரு பயணத்தில் கோழி வாட்டும் அடுப்பு! சிரிப்புதான், ஆனால் அதில் ஒரு உண்மையும் இருக்கு. ஆம்ப் பின்னணி அலங்காரமாகிவிட்டது என்பதை ஒரு பேஸ் கலைஞரே ஊரறியச் சொன்ன இடம் அது.

எடை எப்படிக் குறைந்தது

மைதானக் கலைஞர்கள் ஆம்பைக் கைவிட்ட அதே காலத்தில், சின்ன மேடைக் கலைஞர்களுக்கு ஆம்ப் எட்டும் தூரத்துக்கு வந்தது. காரணம் மூன்று.

ஒன்று, கிளாஸ் டி. பழைய ஆம்ப்களில் மின்சக்தியில் பெரும்பங்கு வெப்பமாக வீணாகும். அதை வெளியேற்றக் கனமான உலோகத் தகடுகள் வேண்டும். கிளாஸ் டி ஆம்பில் டிரான்சிஸ்டர், நொடிக்கு லட்சக்கணக்கான தடவை முழுசாகத் திறந்து முழுசாக மூடுகிறது. இடைநிலையே இல்லாததால் வெப்பம் குறைவு, திறன் 90 சதவீதம் வரை. டி என்றால் டிஜிட்டல் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவே.

இரண்டு, மின்வழங்கி. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதை நேரடியாக மாற்ற இரும்புக் கட்டி மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சுழற்சியின் வேகத்தைப் பல ஆயிரம் மடங்காக்கிவிட்டால் அதே வேலையை உள்ளங்கையில் அடங்கும் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும். லேப்டாப் சார்ஜர் சின்னதாக இருப்பதும் இதனால்தான்.

மூன்று, நியோடிமியம் காந்தம். 1980-களில் வந்த இந்தக் காந்தம் ஸ்பீக்கரின் எடையைப் பெருமளவு குறைத்தது. 2010-11-ல் சீனா அரிய உலோக ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது இதன் விலை எகிறியது என்பது தனிக்கதை.

மூன்றும் சேர்ந்ததில் 36 கிலோ ஆம்பின் இடத்தில் 2 கிலோ ஆம்ப் வந்தது. அகிலார் கம்பெனியின் டோன் ஹேமர் 500 ஆம்ப் 1.8 கிலோதான். பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம்.

வாட்டைப் பார்த்து ஏமாறாதீங்க

500 வாட் என்பது 300 வாட் எஸ்விடியை விட அதிகம்தானே? இங்கேதான் இரும்பு விதி திரும்ப வந்து நிற்கிறது. எட்டு ஸ்பீக்கர் பெட்டி ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், 100 டெசிபல் தரும். 300 வாட் கொடுத்தால் மேலும் 25 சேர்ந்து 125. ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தருகிற சின்னப் பெட்டிக்கு 500 வாட் கொடுத்தால் 117 தான். காகிதக் கணக்குதான் என்றாலும் 8 டெசிபல் வித்தியாசம் பெரிது. அதை ஈடுகட்ட ஆறு மடங்கு சக்தி, அதாவது 3,000 வாட் வேண்டும். அதற்குள் ஸ்பீக்கர் எரிந்து போகும். ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் வாட்டுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டியின் டெசிபல் எண்ணையும் கேளுங்கள். ஆம்ப் தாங்குகிற குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்றும் பாருங்கள். 4 ஓம் ஆம்பில் இரண்டு 8 ஓம் பெட்டிகள் மாட்டலாம், மூன்றாவது கூடாது.

பிறகு ஏன் சுமக்கணும்?

மேடைக்குப் போனால் மிக்ஸரில் நிற்கும் தம்பி இதைத்தான் கேட்பார்: "அண்ணே, ஆம்ப் எதுக்கு? நேரா லைன் குடுங்க, நான் பாத்துக்கறேன்." அரங்கத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. மேடையில் ஆம்ப் சத்தம் குறைந்தால் அவர் வேலை சுலபம். நம் காதுக்கும் நல்லது. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் வரம்புப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சுமந்ததற்காகச் சத்தத்தைக் கூட்டி வைப்பது யாருக்கும் நல்லதில்லை.

ஆனால் லைனை மட்டும் கொடுத்தால், என் பேஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்ற முடிவு முழுக்க இன்னொருவர் கைக்குப் போகிறது. மேடை மானிட்டரில் பேஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் டிரம்ஸ் வாசிப்பவரும் நானும் ஆளுக்கொரு தாளத்தில் போவோம். ஒரு குழு நிற்பதும் விழுவதும் அந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்பதில்தான் இருக்கிறது. ஷே ஸ்டேடியத்தின் பிரச்சினை கல்யாண மண்டபத்திலும் அப்படியே இருக்கு, அளவு மட்டும் சின்னது.

நான் இரண்டையும் செய்கிறேன். ஆம்பின் பின்னால் உள்ள லைன் வெளியீட்டை மிக்ஸருக்குக் கொடுத்துவிடுவேன். என் டோன் குமிழ்களுக்கு முந்தைய ஒலி அவருக்கு, பிந்தையது எனக்கு. அவர் அரங்கத்தைப் பார்த்துக்கொள்வார். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலி மேல் தூக்கி, டிரம்ஸ் பக்கம் திருப்பி வைப்பேன். தரையின் உறுமல் குறையும், குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கும்.

ஹல் தேடியதும் இதைத்தான். கூட்டத்தை அதிர வைக்க அவர் மைக்கை முளைக்குள் செருகவில்லை. கூட வாசிப்பவர்களுக்குத் தன் பேஸ் கேட்க வேண்டும், அதுவும் தன் பேஸ் மாதிரியே கேட்க வேண்டும் என்பதற்காகச் செருகினார். நடுவில் முப்பது வருஷம் ஆம்ப் மைதானங்களைச் சுமந்தது. இப்போது அந்த வேலை அதனிடம் இல்லை. மிச்சம் இருப்பது முதலில் இருந்த வேலைதான். அதற்கு நூறு கிலோ தேவையில்லை. ஒரே ஆள் தூக்குகிற அளவு போதும்.